இரண்டு தடவை சேவ்

கேசட்டில் பதிந்த கம்ப்யூட்டர் புரோகிராமைச் சாதாரண டேப் ரெக்கார்டரில் போட்டுக் கேட்டால் என்ன சத்தம் வரும் என்று இன்றைய பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. முதலில் நீளமாக ஒரு "கூ" என்று வரும். பிறகு ஈரம் போகாத கறிவேப்பிலையைக் காய்ந்த எண்ணெயில் போட்டது மாதிரி ஒரே படபடப்பு, கீச்சல், இரைச்சல். கேட்பவர் பல்லெல்லாம் கூசும். எங்கள் வகுப்பில் அதற்குக் "கீச்சான்" என்று பெயர். எண்பதுகளின் நடுவில், ஒரு வேனல் விடுமுறை முழுவதும் அந்தச் சத்தத்தை நான் ஆசை ஆசையாகக் கேட்டேன். அதற்குப் பிறகு அதை ஆசையாக நினைக்க என்னால் முடிந்ததே இல்லை.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். அப்பா கரமனையில் ஒரு பட்டறையில் லேத் ஓட்ட வந்தவர். அப்படியே ஸ்ரீவராகத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டு வீடு வாடகைக்குப் பிடித்து அம்மாவையும் கூட்டி வந்துவிட்டார். நான் பிறந்து, பள்ளிக்கூடம் போய், மலையாளத்தில் சண்டை போடும் அளவுக்கு வளர்ந்த பிறகு தம்பி பிறந்தான். அவன் தவழ ஆரம்பிக்கும் முன்பே அப்பா மஸ்கட்டுக்குப் போய்விட்டார். அந்தக் காலத்தில் திருவனந்தபுரத்தில் எந்தச் சந்தில் திரும்பினாலும் கல்ஃபுக்குப் போன ஒரு அப்பா இருந்தார், ஆகவே எங்கள் வீட்டில் மட்டும் என்னவோ குறை என்று நான் அப்போது நினைத்ததில்லை.

அப்பா கடிதம் எழுத மாட்டார். கை வராது என்பார். கேசட்தான் அனுப்புவார். ஒரு பக்கம் அவர் பேசியிருப்பார், மறுபக்கம் எங்களுக்குக் காலி. ஊருக்கு வரும் யாராவது கையில் கொடுத்தனுப்புவார்; நாங்கள் மறுபக்கத்தில் பேசி, திரும்பிப் போகிற யாராவது கையில் கொடுத்துவிடுவோம். எல்லாமே ஒரே மாதிரிக் கறுப்புக் கேசட். மேலே பெயர் எழுதும் வழக்கம் கிடையாது. எழுதினால் அடுத்த "வட்டம்" அடித்துவிட்டு எழுத வேண்டும், எதற்கு வீண் வேலை என்பது அம்மாவின் கட்சி. வட்டம் என்றால் எங்கள் ஊர்த் தமிழில் தடவை.

அந்த விடுமுறையில்தான் தம்பானூரில் ஒரு லாட்ஜின் மாடியில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லித்தரும் "வெக்கேஷன் கோர்ஸ்" ஆரம்பித்தார்கள். அப்பா அனுப்பிய டிராஃப்டில் அம்மா என்னைச் சேர்த்துவிட்டாள். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும், காலைக் கோணியில் துடைக்க வேண்டும், உள்ளே போனால் ஏசி. வெளியே ஊரே வேர்த்து வடிந்துகொண்டிருக்க, நாங்கள் எட்டுப் பேர், பையன்கள் கையைக் கட்டிக்கொண்டும் பெண்பிள்ளைகள் பாவாடைக்குள் காலை இழுத்துக்கொண்டும், நடுங்கியபடி உட்கார்ந்திருப்போம். ஒரு டெலிவிஷன், அதனோடு ஒயர் போட்டுச் சேர்த்த தட்டையான ஒரு பெட்டி, பக்கத்தில் ஒரு டேப் ரெக்கார்டர். அவ்வளவுதான் கம்ப்யூட்டர். பெட்டிக்குத் தானாக எதுவும் ஞாபகம் இருக்காது. சுவிட்சை அணைத்தால் நாம் எழுதியது அத்தனையும் போய்விடும். அதனால்தான் கேசட்.

சொல்லிக்கொடுத்தவள் சுமா டீச்சர். டீச்சர் என்று பெயர்தானே தவிர, கல்லூரி முடித்து வந்த சின்னப் பெண்; எங்களுக்கு இன்று நடத்துவதை அவளே நேற்று மாலைதான் புத்தகத்தைப் பார்த்துப் படித்திருப்பாள் என்பது எங்கள் எட்டுப் பேருக்கும் தெரியும். சந்தேகம் கேட்டால் காது சிவந்துபோகும். "நாளைக்குப் பறயாம், கேட்டோ" என்று சிரித்து மழுப்புவாள். ஆனால் என்ன கெட்டிக்காரி! ஆரம்ப நாட்களில் பெட்டியைத் தொடவே விடவில்லை. எங்களையே கம்ப்யூட்டர் ஆக்கினாள். சாப்பாட்டு டப்பாக்களை வரிசையாக மேஜையில் வைத்து, ஒவ்வொன்றின் மேலும் சுண்ணக்கட்டியால் ஏ, பி, சி என்று எழுதினாள். ஒருத்தன் வரி பத்து, ஒருத்தி வரி இருபது, இன்னொருத்தன் வரி முப்பது. வரி பத்து சொன்னபடி ஏ டப்பாவில் ஐந்து என்று எழுதிய துண்டைப் போட வேண்டும். வரி இருபது அதில் ஏழைப் போடச் சொன்னால், உள்ளே இருக்கும் ஐந்தை எடுத்துக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் ஏழைப் போடலாம்.

"ஐந்து எவ்விடெ போச்சு, டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான்.

"போச்சு. அத்ரதான். ஐந்து இருந்ததுன்னு டப்பாவுக்கே தெரியாது" என்றாள் டீச்சர். மனசிலாயோ குட்டிகளே என்று எல்லோர் முகத்தையும் பார்த்தாள். எங்களுக்கு நன்றாக மனசிலாயிற்று. துண்டைக் கிழிக்கும் வேலைக்கு அடிதடி வேறு.

வரிகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று போடாமல் ஏன் பத்து, இருபது, முப்பது என்று போடுகிறோம் என்றும் அன்றைக்குச் சொன்னாள். எழுதி முடித்த பிறகுதான் மறந்துபோனது ஞாபகம் வருமாம். அதைச் செருக நடுவில் இடம் வேண்டுமாம். எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், வீட்டில் அம்மா சாமான் வாங்கச் சொல்வதைக்கூடப் பத்து உப்பு, இருபது புளி என்று சொல்லிக் குட்டு வாங்கினேன்.

பிறகு "இன்புட்" வந்தது. அதாவது கம்ப்யூட்டர் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு, நாம் பதில் தட்டும்வரை கேள்விக்குறியைக் காட்டிக்கொண்டு காத்திருக்கும். ஆளுக்கொரு கேள்வி எழுதிக்கொண்டு வரச் சொன்னாள் டீச்சர். மற்றவர்கள் எல்லாம் உன் பேர் என்ன, வயசு என்ன என்று எழுதினார்கள். நான், ஒவ்வொரு கேசட்டிலும் அம்மா அப்பாவிடம் கேட்கும் கேள்வியையே ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதினேன்: "எப்போ வாரீங்க?" எந்தப் பதில் தட்டினாலும் அடுத்த வரி "சரி" என்று காட்டும். நாளைக்கு என்று தட்டினாலும் சரி, மாட்டேன் என்று தட்டினாலும் சரி. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் என் தலையில் செல்லமாகத் தட்டி, சனிக்கிழமை எல்லோரும் வீட்டிலிருந்து ஒரு பழைய கேசட் கொண்டுவாருங்கள், அவரவர் புரோகிராமை "சேவ்" செய்து வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்றாள்.

அந்த வெள்ளிக்கிழமைதான் அம்மா அப்பாவுக்குப் பதில் பேசினாள். பக்கத்துத் தெரு அண்ணாச்சி ஒருவர் திங்கட்கிழமை மஸ்கட் போகிறார் என்று தகவல். வழக்கமாக நானும் தம்பியும் முதலில் கத்துவோம், கடைசியில் அம்மா நாலு வார்த்தை பேசுவாள். அன்றைக்கு அம்மா எங்கள் இரண்டு பேரையும் பின்னால் துவைகல் பக்கம் போகச் சொல்லிவிட்டு, முதலில் தான் மட்டும் உட்கார்ந்தாள். ஜன்னல் திறந்துதான் இருந்தது. எனக்குக் காது உண்டு.

"இஞ்ச பாருங்க, இந்த வட்டம் காண்ட்ராக்ட் முடிஞ்சதும் வந்திருங்க" என்று ஆரம்பித்தாள். கரமனைப் பட்டறையில் ஆள் கேட்கிறார்கள், முதலாளியே வீட்டுக்கு ஆள் அனுப்பி விசாரித்தார், நீங்கள் வருவதாக இருந்தால் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்கிறார். சின்னவன் போட்டோவைக் காட்டினால்தான் அப்பா என்கிறான், நாளைக்கு ஆளைக் காட்டினால் யாரென்று கேட்பான். எனக்குத் தனியாக இருந்து அலுத்துவிட்டது. ராத்திரி ஒரு சத்தம் கேட்டால் எழுந்து பார்க்கவும் பயமாக இருக்கிறது, பார்க்காமல் இருக்கவும் பயமாக இருக்கிறது. காசு கொஞ்சமாக வந்தாலும் போதும். இதையெல்லாம் அம்மா மூச்சு விடாமல், யாரோ பிடித்துத் தள்ளியது மாதிரிச் சொன்னாள். அப்பாவிடம் அவள் அப்படிப் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை. பிறகு டேப் வெறுமனே ஓடும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். அப்புறம் குரலை இறக்கிக்கொண்டு, "முடியலேன்னா சாரமில்லை. நாங்க சமாளிச்சுக்கிடுவோம்" என்றாள். சாரமில்லை என்றால் பரவாயில்லை. மலையாளத்திலிருந்து எங்கள் வீட்டுக்குள் வந்து குடியேறிவிட்ட சொல்.

அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிட்டாள். தம்பி ஒரு பாட்டைப் பாதி பாடினான். நான் கம்ப்யூட்டர் வகுப்பைப் பற்றி ஒரு பாட்டம் அளந்துவிட்டு, "அப்பா, வரும்போது எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கிட்டு வாங்கப்பா" என்று முடித்தேன். அப்பா போட்டதும் கேட்க வசதியாக, அம்மா கேசட்டை ஆரம்பத்துக்குச் சுற்றி டேப் ரெக்கார்டர் மேலேயே வைத்தாள். அங்கே வழக்கமாகக் கிடக்கும் பழைய சினிமாப் பாட்டுக் கேசட் அலமாரிக்குள் போயிற்று.

சனிக்கிழமை காலை அம்மா தோசைக்கல்லின் முன் நின்றுகொண்டு, இடுப்பில் அழுகிற தம்பியோடு, "பழைய கேசட்டா? டேப்பு மேலே கெடக்கும் பாரு, எடுத்துக்கோட்டி" என்றாள். எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் டீச்சருக்கு ஒரு கண்டிப்பான முறை உண்டு. முதலில் கேசட்டைப் போட்டு என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டும். பிறகுதான் பதிய வேண்டும். டேப் அங்கங்கே மோசமாக இருக்கும் என்பதால், ஒரே புரோகிராமை ஒன்றன்பின் ஒன்றாக "ரெண்டு தடவை சேவ்" செய்ய வேண்டும். அன்றைக்கு வோல்டேஜ் குறைந்து டெலிவிஷன் படம் நான்கு பக்கமும் சுருங்க ஆரம்பித்துவிட்டது. கரண்ட் போவதற்குள் எட்டுப் பேருக்கும் முடிக்க வேண்டும். "கேக்கண்டா, கேக்கண்டா, வேகம்" என்று, கேட்டுப் பார்க்கும் முறையை விட்டுவிட்டு டீச்சர் பறந்தாள். என் முறை வந்தது. கூ என்றது, படபடவென்று பொரிந்தது, நின்றது. மறுபடியும் கூ. டீச்சர் கேசட்டை எடுத்து என் கையில் கொடுத்து, "உன் புரோகிராம் பத்திரம்" என்றாள். நான் கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்து, எடுத்த இடத்திலேயே, டேப் ரெக்கார்டர் மேலேயே, அதை வைத்தேன். திங்கட்கிழமை அம்மா அதை எடுத்து ஒரு ஊறுகாய்ப் பொட்டலத்தோடு அண்ணாச்சியிடம் கொடுத்தாள்.

அடுத்த வகுப்புக்கு என் கேசட் எங்கே என்று தேடினேன். அலமாரியில் ஒன்று இருந்தது. அம்மா எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக் கொண்டுபோனேன். "லோட்" என்று தட்டி டேப்பை ஓட்டினால் கீச்சானுக்குப் பதிலாக ஒரு காதல் பாட்டு கணீரென்று வருகிறது! கம்ப்யூட்டர் பாட்டுப் படிக்கிறது என்று பிள்ளைகள் மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். நானும்தான் சிரித்தேன், கொஞ்ச நேரம். பிறகு எனக்கு உறைத்தது. செருப்பைக்கூடப் போடாமல் படியிறங்கி ஓடினேன். கிழக்கேகோட்டை தாண்டித் தார்ச்சாலை சுட்ட பிறகுதான் காலைப் பார்த்தேன்.

அம்மா அடிக்கவில்லை. அடித்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள். "எவ்வளவு போயிருக்கும்?" என்று மட்டும் கேட்டாள். இரண்டு தடவை சேவ் செய்தோம் என்றேன். அவள் தான் பேசியதை மனதுக்குள் ஓட்டிப் பார்ப்பது உதட்டசைவில் தெரிந்தது. பிறகு, "நாந்தானே எடுத்துக்கோன்னேன். நீ என்ன செய்வே" என்றாள். லெட்டர் எழுதும்மா, நான் வேண்டுமானால் எழுதட்டுமா என்று அழுதுகொண்டே கேட்டேன். "போட்டி அங்கிட்டு. ஒரு வட்டம் சொல்லதுக்கே எனக்கு உசுரு போயிட்டு. சத்தம் ஒரு மாதிரிக் கேட்டா என்னன்னு அவியளே கேப்பாவல்லா? கேட்டா சொல்லுதேன்" என்று முறத்தை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் என் செருப்பைத் தூக்கிக்கொண்டு சுமா டீச்சர் வீடு தேடி வந்துவிட்டாள். "என்டெ தெற்றாணு சேச்சி, நான் கேட்டுப் பார்க்க விடலை" என்று அவள் சொல்ல, "இல்ல டீச்சரே, என் தப்புதான்" என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் காப்பியை வைத்துக்கொண்டு அந்தத் தப்புக்குப் போட்டி போட்டார்கள். எனக்கு அதில் பங்கு தர யாரும் தயாராக இல்லை. டீச்சர் போகும்போது என்னைப் பார்த்து, கோர்ஸை நிறுத்திவிடாதே, உனக்கு நன்றாக வருகிறது என்றாள். நிறுத்தவில்லை. நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை, அதை இப்போது நினைத்தால்தான் மனம் ஆறவில்லை.

பள்ளிக்கூடம் திறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகுதான் அப்பாவின் கேசட் வந்தது. நாங்கள் மூன்று பேரும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்தோம். அப்பா வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு, நான் இங்கே சுகம் என்று ஆரம்பித்தார். "டேப்பு மொதல்ல என்னவோ கீச்சு கீச்சுன்னுச்சு. ஓடி ஓடித் தேஞ்சிருக்கும் போல. அது போவட்டும், பெறவு உன் சத்தம் நல்லாத் தெளிவாக் கேட்டுது. முடியலேன்னா சாரமில்லை, சமாளிச்சுக்கிடுவோம்னு நீயே சொல்லிட்டே. நான்தான் ஒரே கொழப்பத்துல கெடந்தேன், போகவா இருக்கவான்னு. நீ இவ்வளவு தைரியம் சொன்ன பெறவு எனக்கு என்ன? இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். பிள்ளையும் கம்ப்யூட்டர் கேட்டிருக்கா. வாங்கிட்டு வாரேன்னு சொல்லு."

அம்மா டேப்பை அணைக்கவில்லை. அப்பா ஊர்க்காரர் எல்லோரையும் பெயர் பெயராக விசாரித்து முடிக்கும்வரை ஓடவிட்டாள். அது நின்ற பிறகு எழுந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமலே, "கம்ப்யூட்டர் வருதாம்லா" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போனாள். குத்தலாகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு நல்ல செய்தியைச் சொல்வது மாதிரித்தான் சொன்னாள்.

அடுத்த பதிலில் அம்மா, நாங்கள் எல்லாரும் சுகம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று நாலு வார்த்தையோடு நிறுத்திக்கொண்டாள். நான் பேசும்போது எதிரே உட்கார்ந்து, சொல்லாதே என்று விரலை ஆட்டினாள். நான் சொல்லவில்லை. அம்மா தடுத்ததால் சொல்லவில்லை என்று எனக்கு நானே பலமுறை சமாதானம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்த விரல் ஆடியபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்ததும் உண்மை. பட்டறையில் வேறு ஆள் வைத்துவிட்டார்கள்.

அப்பா சொன்ன சொல் தவறவில்லை. இரண்டு வருடம் கழித்து நீலக் கயிறு கட்டிய அட்டைப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். தம்பி அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொண்டு, "இந்த மாமா ஆரும்மா?" என்று கேட்டான். அப்பா பெரிதாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் நெடுநேரம் கயிற்றின் முடிச்சையே அவிழ்த்துக்கொண்டிருந்தார். நான் நல்ல பிள்ளையாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தொட்டிருக்கக் கூடாது. அன்றைக்கே பிரித்து, விளக்கு வைப்பதற்குள் ஓட்டியும் பார்த்துவிட்டேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து, தன் மகள் பெட்டியைப் பேச வைக்கிறாள் என்று சந்தில் போகிறவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினார். விடுமுறை முடிந்ததும் திரும்பப் போனார். அதற்குப் பிறகு கையெழுத்துப் போடுவது அவருக்கும் பழகிவிட்டது, அம்மாவுக்கும் பழகிவிட்டது.

அந்தக் கேசட்டில் என்ன இருந்தது என்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. அவர் காலமான பிறகு ஒருநாள் அம்மாவிடம் கேட்டேன், ஏம்மா ஒருநாள்கூடச் சொல்லவில்லை என்று. "கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். கேக்கலை" என்றாள்.

இப்போது தம்பானூரில் அந்த லாட்ஜ் இல்லை. அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. சுமா டீச்சர் எங்கே இருக்கிறாளோ தெரியவில்லை. கேசட்டும் போயிற்று, கீச்சானும் போயிற்று. புரோகிராமில் பத்து, இருபது, முப்பது என்று இடம் விட்டு எண் போடும் வழக்கமே உலகத்தை விட்டுப் போய்விட்டது. நான் அந்தப் பெட்டியைப் பிடித்துக்கொண்டே படித்து, வேலை வாங்கி, கடல் தாண்டி வந்துவிட்டேன். தம்பிக்கு டெல்லியில் வேலை. அம்மா அதே சந்தில், அதே வீட்டில் இருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுகிறோம். இரைச்சல் கிடையாது, ஒரு எழுத்துப் பிசகாது. இந்த வருடம் லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை என்று நான் இழுக்கும்போது, அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைப்பாள். பிறகு குரலை இறக்கிக்கொண்டு, "முடியலேன்னா சாரமில்லை. நாங்க சமாளிச்சுக்கிடுவோம்" என்பாள். அந்த "நாங்க" என்பதில் இப்போது அவள் ஒருத்திதான் இருக்கிறாள். அந்த வாக்கியத்துக்கு முன்னால் என்ன வரும் என்று, அவளை விட்டால், உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும். துவைகல் பக்கம் நின்று முழுவதையும் கேட்டவள் நான்தானே.

"சரிம்மா" என்கிறேன்.